செங்காங்கில் ட்ரோன் வாங்கப்போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று ட்ரோன் படங்களையும் பார்த்தேன். எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். மூன்றுமே நல்லதுதான். ஆனால் நீ முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மார்ச்சில் பெர்த் வீட்டைக் காலி செய்துவிட்டு நீயும் தேன்மொழியும் வரப்போவது சிங்கப்பூர்ச் செங்காங் வீட்டுக்கு. அங்கே இருந்துகொண்டு இதை எங்கே பறக்கவிடப்போகிறாய்? போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செங்காங்குக்கு ஒரு பக்கம் பாய லேபார் ஆகாயப் படைத் தளம், இன்னொரு பக்கம் சிலேத்தார் விமான நிலையம். விமான நிலையம், படைத் தளம் எதுவானாலும் அதிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. உன் வீட்டு வாசலில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் நீ அந்த வட்டத்துக்குள்தான் இருப்பாய். ஹவ்காங்கும் பொங்கோலும் அப்படியே. பாசிர் ரிஸ் சாங்கி விமான நிலையத்தின் கணக்கில் போய்விடும். ஈசூனுக்குச் செம்பவாங் தளம், சுவா சூ காங்குக்குத் தெங்கா தளம். பாய லேபார் தளம் 2030க்குப் பிறகு இடம் மாறும் என்கிறார்கள். அதுவரை நீ வாங்கிய பேட்டரி தாங்காது.

ஒன்மேப் என்ற அரசாங்க இணைய வரைபடத்தைத் திறந்து பார். ட்ரோன் பறக்கக் கூடாத பகுதிகளை அதில் தனியாகக் காட்டுவார்கள். பீஷான் பக்கமும் கிளமெண்டி பக்கமும் இந்த 5 கிலோமீட்டர் வட்டங்களுக்கு வெளியே வரும். அதற்காக அங்கே எல்லா இடமும் திறந்து கிடக்கிறது என்று நினைத்துவிடாதே. ராணுவ முகாம், பாதுகாக்கப்பட்ட இடம் என்று வேறு தடைகள் உண்டு. ஜூலை, ஆகஸ்ட்டில் தேசிய தின அணிவகுப்புக்காகத் தற்காலிகத் தடைகளும் வரும். பூங்காவாக இருந்தால் வாசலில் இருக்கும் பலகையையும் படி. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். போன மாதம் பார்த்தது இந்த மாதத்துக்கு ஆகாது.

அடுத்தது உயரம். பெர்த்தில் உன் நண்பனுடைய ட்ரோனைக் கடற்கரையில் ஓட்டினேன் என்றாயே, அங்கே தரையிலிருந்து 120 மீட்டர் வரை போகலாம். இங்கே 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டர். அதைத் தாண்ட அனுமதி வேண்டும். பாதி உயரம்தானே, பரவாயில்லை என்று விட்டுவிடாதே. இந்த 60 மீட்டரைக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுகிறார்கள். நீ நிற்கும் தரையிலிருந்து அல்ல. ட்ரோன் செயலியோ நீ புறப்பட்ட இடத்தைச் சுழியமாக வைத்துத்தான் உயரம் காட்டும். ஃபேபர் மலை உச்சிக்குப் போய் நின்றால், ட்ரோன் உன் காலடியில் இருக்கும்போதே 60 மீட்டரைத் தாண்டியாகிவிட்டது. திரையில் மட்டும் சுழியம் என்று இருக்கும். கடையில் இதை யாரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

இப்போது எடை. இத்தனை வருடம் விமானங்களுக்கு லோட் ஷீட், அதாவது எடைக் கணக்குத் தாள், போட்ட கை, எடை விஷயத்தில் மட்டும் என்னிடம் வாதாடாதே. 250 கிராமுக்கு மேல் போனால் ட்ரோனைப் பதிவு செய்தாக வேண்டும். அதனால்தான் கடைகளில் 249 கிராம் என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்த சின்ன ட்ரோன்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த 249 எதைச் சேர்த்த எடை என்று பார். அதே மாடலுக்குக் கூடுதல் நேரம் பறக்கும் பெரிய பேட்டரியும் விற்பார்கள். அதைப் போட்டால் வரம்பு தாண்டிவிடும். நம் புளோக்கில் ஏழாவது மாடி மலாய்க்காரப் பையன் ஒருவன் வைத்திருக்கிறான். அவனிடம் கேட்டு வாங்கி, முறுக்கு மாவு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். சாதாரண பேட்டரியோடு 248 காட்டியது. விசிறியைச் சுற்றி மாட்டும் காப்பு வளையத்தையும் போட்டேன், 300ஐத் தாண்டிவிட்டது. புதிதாகக் கற்பவர்கள்தான் அந்த வளையத்தை முதலில் மாட்டுவார்கள்! விமானத்தில் கடைசி நிமிடத்தில் ஒரு பெட்டி ஏறினாலும் எல்எம்சி, அதாவது கடைசி நேர மாற்றம், என்று எழுதித் திருத்துவோம். நீ எதை மாட்டினாலும் மாட்டியபின் ஒரு தடவை நிறுத்துப் பார்.

250 கிராமுக்குக் கீழே என்றால் எந்தச் சட்டமும் கிடையாது என்று உன்னிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது தப்பு. பதிவும், கீழே சொல்லும் ரிமோட் ஐடியும்தான் வேண்டாம். 5 கிலோமீட்டர், 200 அடி, கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே ஓட்டுவது, இதெல்லாம் கைக்குள் அடங்கும் ட்ரோனுக்கும் பொருந்தும்.

பதிவு செய்வது ஒன்றும் பெரிய வேலை இல்லை. சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் இணையவாசலில் சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கை வைத்து நுழைய வேண்டும். பதிவு வில்லை ஒன்று வாங்கி ட்ரோனின் உடம்பில் ஒட்ட வேண்டும். அந்த வில்லையின் எண், மாடல், ட்ரோனின் வரிசை எண் இவற்றை நிரப்பினால் முடிந்தது. வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்கு நீ நிரப்பிய படிவங்களை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் முதலில் பதிவு, பிறகுதான் பறப்பது. பதிவில்லாமல் வெளியில் பறக்கவிட்டால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இது 2020இல் வந்த விதி. பதிவு செய்ய 16 வயது ஆகியிருக்க வேண்டும். அக்கா மகன் எனக்கும் ஒன்று வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். அவனுக்காக உன் பெயரில் பதிவு செய்கிறேன் என்று தலையை ஆட்டிவிடாதே. அவன் செய்வதற்கு நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவனுக்கு உள்ளங்கை அளவில் ஒன்று வாங்கிக் கொடு, வீட்டுக்குள்ளேயே ஓட்டட்டும். வீட்டுக்குள் ஓட்டப் பதிவு தேவையில்லை.

ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் பயிற்சி, ஏழு கிலோவைத் தாண்டினால் உரிமம் என்று மேலே மேலே போகும். உனக்கு அது வேண்டியதில்லை. ஆனால் ஒன்று. சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலில் நண்பனுக்குக் கல்யாணம், மேலிருந்து படம் எடுத்துக் கொடு, காசு தருகிறேன் என்று யாராவது கேட்டால் மறுத்துவிடு. காசு வந்தால் அது பொழுதுபோக்கு இல்லை, தொழில். எடை எவ்வளவாக இருந்தாலும் தனி அனுமதி வேண்டும். கூட்டத்தின் தலைக்கு மேல் அதைக் கொண்டுபோவது எனக்கே பிடிக்காது.

மூன்றாவது படத்தில் இருந்தது பழைய ட்ரோன், யாரோ விற்பது. விலை பாதிதான், தெரியும். ஆனால் 2025 டிசம்பர் 1 முதல், 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன் வெளியில் பறக்க வேண்டுமானால் ரிமோட் ஐடி என்ற அடையாள ஒலிபரப்பு அதில் இருக்க வேண்டும். இது எந்த ட்ரோன், எங்கே பறக்கிறது என்பதை அது காற்றில் சொல்லிக்கொண்டே இருக்கும். புதிய மாடல்கள் பலவற்றில் உள்ளேயே வருகிறது. பழையதில் இல்லையென்றால் தனிக் கருவி வாங்கி ஒட்ட வேண்டும். அந்தக் கருவிக்கும் விலை உண்டு, எடையும் உண்டு. பாதி விலை முக்கால் விலையாகிவிடும். பழைய பதிவு இன்னும் அந்த ஆள் பெயரில் இருக்கிறதா என்ற பிரச்சினை வேறு. அதை விட்டுவிடு.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். 2019 ஜூன் 18 ராத்திரி நான் ஷிப்டில் இருந்தேன். சாங்கி பக்கம் ட்ரோன்கள் தென்பட்டதாகச் சொல்லி ஒரு ஓடுபாதையை விட்டு விட்டு மூடினார்கள். மறுநாள் காலை வரை 37 விமானங்கள் தாமதம். வெளியில் இருப்பவர்களுக்கு அது ஒரு எண். எங்களுக்கோ, தாமதம் நீண்டால் எரிபொருள் கணக்கு மாறும், இணைப்பு விமானத்தைத் தவறவிட்டவர்களின் பெட்டியை இறக்க வேண்டும், போட்டு முடித்த லோட் ஷீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி போட வேண்டும். அடுத்த வாரம் 24ஆம் தேதியும் இதே கதை. அந்த இரண்டு ராத்திரியும் இங்கே வேலை பார்த்த யாரிடமும் போய் "250 கிராம்தானே" என்று சொல்லிப் பார்.

சரி, எதை வாங்கலாம்? என்னைக் கேட்டால் முதல் படத்தில் உள்ள சின்னது. பதிவுக்குப் பயந்து அதை வாங்காதே, பதிவு அரை மணி நேர வேலை. செங்காங்கிலிருந்து எங்கே போய்ப் பறக்கவிட வேண்டுமானாலும் நீ எம்ஆர்டி ரயில் ஏற வேண்டும். தோள் பையில் தண்ணீர் போத்தலோடு அடங்குகிற ட்ரோனைத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு கிளம்புவாய். 700 கிராம் ட்ரோன் காற்றில் ஆடாமல் நிற்கும், படமும் நன்றாக வரும், மறுக்கவில்லை. ஆனால் அதன் பெட்டியைத் தூக்க அலுத்துப்போய் அலமாரியில் வைத்துவிடுவாய். உன் கித்தார் எங்கே இருக்கிறது இப்போது?

பெர்த்தில் வாங்குவதா, இங்கே வாங்குவதா என்றால் இங்கே. கெட்டுப்போனால் கொண்டுபோய்க் கொடுக்க வசதி. கம்பியில்லாக் கருவி என்பதால், தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமான ஐஎம்டிஏவின் விதிக்கு உட்பட்டது என்ற குறி பெட்டியில் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்கலாம். அங்கேயே மலிவாகக் கிடைத்து வாங்கிவிட்டால், 500 வெள்ளிக்கு மேற்பட்ட மதிப்புக்குச் சாங்கியில் ஜிஎஸ்டி கட்ட வேண்டும். பேட்டரிகளைக் கைப்பையில் வை, பெரிய பெட்டியில் போட்டு அனுப்பாதே.

முதல் நாள் பறக்கவிடும்போது இரண்டு விஷயம். பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டை மாடி காலியாகத்தான் இருக்கும், ஆசை வரும். அங்கே வேண்டாம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி ட்ரோனின் திசைகாட்டியைக் குழப்பும். ஏறியதும் அது தானாக ஒரு பக்கம் இழுக்கும், நீ பதறுவாய். புல்தரையில் நின்று ஏற்று. இரண்டாவது, சிக்னல் அறுந்தால் தானாக வீடு திரும்பும் வசதியின் உயரம். அதைச் செயலியில் நீதான் குறிக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது அந்த எண் 60ஐத் தாண்டியும் இருக்கக்கூடும். குறைக்காமல் விட்டால் ட்ரோன் தானாகவே சட்டத்தை மீறும். ரொம்பக் குறைத்தாலோ நடுவில் இருக்கும் மரத்தில் போய் மாட்டும். இங்கே இருபது மாடிக்கு மேற்பட்ட வீவக புளோக்குகள் 60 மீட்டரைவிட உயரமாக நிற்கின்றன, அதனால் உனக்கும் ட்ரோனுக்கும் நடுவில் புளோக் வராத இடமாகப் பார்த்து நில். ஜன்னல்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதே, யாரும் போலீசுக்குப் போன் போடத் தயங்க மாட்டார்கள்.

முதலில் அதன் பின்பக்கம் உன்னைப் பார்த்தபடி ஓட்டிப் பழகு. முகத்தை உன் பக்கம் திருப்பினால் இடது வலதாகிவிடும், அங்கேதான் எல்லாரும் இடிக்கிறார்கள். விடிகாலையில் மேற்கே வானம் கறுத்தால் சுமத்ரா காற்று வரப்போகிறது என்று அர்த்தம். சின்ன ட்ரோன் அதற்கு ஈடுகொடுக்காது, இறக்கி மடித்துவிடு. கடலோரத்தில் செம்பருந்து சுற்றினாலும் இறக்கிவிடு. அதற்கு அது தன் வானம்.

அப்புறம், ஜூனில் தஞ்சாவூர் போகும்போது இதைக் கொண்டுபோய் வயலை மேலிருந்து படம் எடுத்துத் தருகிறேன் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறாயாம். செய்யாதே. வெளிநாட்டில் தயாரான ட்ரோனை இறக்குமதி செய்வதை இந்தியா 2022 பிப்ரவரியில் தடை செய்துவிட்டது. சுங்கப் படிவத்திலேயே ட்ரோன் இருக்கிறதா என்று ஒரு கேள்வி உண்டு. சென்னையில் அதைப் பறிகொடுத்துவிட்டு நிற்காதே. மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

டிக்கெட் போட்டதும் விமான எண்ணை அனுப்பு. எத்தனை பெட்டி, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ என்றும் எழுது. அப்பா பெரிய டாக்சியா சின்ன டாக்சியா என்று இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அன்புடன்,
அம்மா