பாடுவதற்குச் சம்பளமா?

அன்புள்ள செல்வின்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு முட்டிவலிதான் கொஞ்சம் படுத்துகிறது, மற்றபடி சுகம்.

பிபிசி சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் பாடகர் குழுவான பிபிசி சிங்கர்ஸ் பற்றி நான் போனில் சொன்னதற்கு, "நாமெல்லாம் ஒரு டீக்கும் வடைக்கும் பாடினோமே, அவர்களுக்கு மட்டும் மாதச் சம்பளமா?" என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான். போன மாதம் லண்டனில் கிரிப்பிள்கேட் செயின்ட் ஜைல்ஸ் ஆலயத்தில் (கவிஞர் மில்டனை அடக்கம் செய்த இடம்) முன்வரிசையில் உட்கார்ந்து அவர்களைக் கேட்டேன். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நம் பாளையங்கோட்டை ஆலயக் கொயரில் ஒரு ஆந்தம் (பல குரலில் பாடும் ஆலயப் பாட்டு) ஏற எவ்வளவு நாளாகும்? மாஸ்டர் சோல்ஃபாவை (டோ, ரே, மீ எழுத்துக் குறிப்பை) பலகையில் எழுதி, சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்), ஆல்ட்டோ (கீழ்க்குரல்) என்று ஒவ்வொரு பகுதியாகப் பாடிக் காட்டி, ஆண்களில் மேல்குரல் பாடும் டெனர்காரர்கள் வழக்கம்போலத் தங்கள் பகுதியை விட்டு மெலடிக்கு ஓடிப்போய், கடைசியில் கிறிஸ்துமஸுக்கு ஒரு வழியாக ஒப்பேற்றுவோம். இவர்கள் கையில் புதுத் தாளைக் கொடுத்தால் அன்றைக்கே பார்த்துப் பாடிவிடுகிறார்கள். இரண்டு மூன்று ஒத்திகை, அப்புறம் நேரடி ஒலிபரப்பு. நேற்று எழுதி முடித்த இசையாக இருந்தாலும் சரி, நானூறு வருஷத்துக்கு முந்தையதாக இருந்தாலும் சரி. சம்பளம் குரலுக்கு மட்டும் இல்லை, இந்த வாசிப்புக்கும்தான்.

இன்னொன்றையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். வாத்தியமே இல்லாத ஒரு பாட்டில் நீண்ட ஸ்வரம் ஒன்று, முடிவே இல்லாதது போலப் போய்க்கொண்டிருந்தது. ஆல்ட்டோவில் ஒரு அம்மாள் நடுவில் வாயை மூடி, மூச்சு இழுத்து, மெல்ல உள்ளே வந்து சேர்ந்துகொண்டார். அவர் வந்ததும் பக்கத்தில் நின்றவர் மூச்சு வாங்கப் பாட்டை நிறுத்தினார். சத்தத்தில் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. நாம் காற்புள்ளி வந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்து மூச்சு வாங்குவோமே, கடைசி பெஞ்சு வரை கேட்கும்! சொல்லின் முடிவில் வரும் 'ஸ்' கூட அத்தனை பேர் வாயிலிருந்தும் ஒரே நொடியில் வந்தது.

இந்தக் குழு 1924இல் வயர்லெஸ் கோரஸ் என்ற பெயரில் ஆரம்பித்தது. இதன் வரலாற்றில் எனக்குப் பிடித்தது போர்க்காலக் கதை. ஜெர்மானியர் பிடியில் பிரான்ஸ் இருந்தபோது, 1943இல், பூலாங்க் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், கவிஞர் பால் எலுவாரின் கவிதைகளுக்கு 'ஃபிகூர் யூமேன்' என்று ஒன்றை எழுதினார். இரட்டைக் கொயர், 12 பகுதிகள், வாத்தியம் கிடையாது, கடைசிச் சொல் 'விடுதலை'. அதைச் சொந்த நாட்டில் மேடையேற்ற முடியாது. முதலில் பாடியது இந்த பிபிசி குழுதான், 1945 மார்ச்சில், லண்டனில், ஆங்கிலத்தில். ஒலிப்பதிவில் கேட்டுப் பார். கடைசியில் சோப்ரானோ ஏறும் உச்சியைக் கேட்டால் உன் வீட்டுக்காரி காதைப் பொத்திக்கொள்வாள்.

இப்படிப்பட்ட குழுவைத்தான் 2023 மார்ச்சில் கலைக்கப் போவதாக பிபிசி அறிவித்தது. அப்போது 20 பேர் இருந்தார்கள். செலவைக் குறைக்கிறார்களாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள், இசையமைப்பாளர்கள் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள், சில வாரங்களிலேயே முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. குழுவும் பிழைத்து நூற்றாண்டு கொண்டாடிவிட்டது. தேவைப்படும்போது வெளியாட்களைக் கூப்பிட்டுக்கொண்டால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். லண்டனில் தி சிக்ஸ்டீன் மாதிரிப் பெரிய பெயரெடுத்த குழுக்கள் அப்படித்தான் நடக்கின்றன, பிரமாதமாகவும் பாடுகின்றன. ஆனால் யாரும் வாங்கத் தயங்கும் கடினமான புது இசையைப் பாட, தினமும் ஒன்றாக நிற்கிறவர்கள் வேண்டும் என்பது என் கட்சி. யார் எங்கே மூச்சு விடுவார் என்பது அழைப்பின்பேரில் வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு வேடிக்கை. நாம் படித்த சோல்ஃபா இந்த இங்கிலாந்துச் சரக்குதான். நார்விச்சில் சாரா குளோவர் என்ற ஆசிரியை தொடங்கியது, ஜான் கர்வன் பாதிரியார் திருத்திப் பரப்பியது. இங்கே இப்போது அதைப் பார்ப்பதே அபூர்வம். நீ இன்னும் பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறாய்!

உன் கொயரில் டெனர் இரண்டே பேர் என்று வருத்தப்பட்டாயே. அவர்களைச் சேர்ந்து மூச்சு வாங்க விடாதே, ஒருவன் பாடும்போது மற்றவன் மூச்சு வாங்கட்டும். தாளில் பென்சிலால் இடத்தைக் குறித்துக் கொடு. இங்கேயும் எல்லோர் கையிலும் பென்சில் இருக்கிறது. டிசம்பர் கேரலுக்கு என்ன எடுத்திருக்கிறாய் என்று எழுது, சோல்ஃபா தாளையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. முட்டி ஒத்துழைத்தால் ஜனவரியில் வருகிறேன், பேரனைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ராஜன்