மலையிறங்க முன்னம் பிரேக் ஒயிலை மாத்து

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

வளைவு திரும்பேக்க மட்டும் சிவத்த லைட் பத்திப் பத்தி அணையுது எண்டு சொன்னாய். முதலில ஹான்ட் பிரேக் முழுக்க இறங்கியிருக்கோ எண்டு பார். ஹான்ட் பிரேக்குக்கும் பிரேக் ஒயில் குறையிறதுக்கும் ஒரே லைட்தான். அது சரியெண்டால் பிரேக் ஒயில் கீழ்க்கோட்டுக்குக் கிட்ட இறங்கியிட்டுது. ஒயில் டப்பாவுக்குள்ள ஒரு மிதவை கிடக்கு. வளைவில ஒயில் ஒரு பக்கம் சரிய மிதவை தாழும், லைட் பத்தும்.

உடனே ஒரு போத்தல் வாங்கி ஊத்தி நிரப்பிப் போடாதை. ஒயில் குறையிறதுக்கு ரெண்டு காரணம்தான். டிஸ்க்கை நெருக்கிப் பிடிக்கிற முன் பிரேக் பாட் தேயத் தேய, அதைத் தள்ளிற பிஸ்டன் வெளிய வரும், அந்த இடத்தை ஒயில் நிரப்பும். அது கசிவில்லை. இப்ப நிரப்பினால் புதுப் பாட் போடேக்க பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள, ஒயில் டப்பாவால வழிஞ்சு பெயின்ரை உரிச்சுப்போடும். பாட் 3 மில்லிமீற்றருக்குக் கீழ எண்டால் அதைத்தான் முதல் மாத்த வேணும். பாட் தடிப்பாயிருந்தும் ஒயில் குறைஞ்சால் எங்கையோ கசியுது. பின் ரயருகளின்ர உள்பக்கம் ஈரக்கோடு இருக்கோ எண்டு பார். பெடலை மிதிக்க ஒயிலைத் தள்ளிற மாஸ்டர் சிலிண்டர், மிதியின்ர விசையைக் கூட்டிற அந்த வட்டப் பூஸ்டரோட பொருந்திற இடத்தையும் விரலால தடவிப் பார். கசிவு கண்டால் கராஜுக்குத்தான், வேற கதையில்லை.

கசிவு இல்லையெண்டாலும் ஒயிலை முழுக்க மாத்து. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்த வேண்டிய சாமான் இது. மூடி பூட்டியிருந்தாலும் றப்பர் ஓசுகளுக்குள்ளால, மூடியின்ர மூச்சுத் துவாரத்துக்குள்ளால காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். டொட் 3 எண்ட வகை பிரேக் ஒயில் புதுசில 205 பாகை செல்சியசுக்குக் குறையாமல் கொதிக்கும், 3.7 வீதம் தண்ணி ஏறினால் அந்த அளவு 140 தான். டொட் 4 எண்டால் 230, ஈரம் ஏறினால் 155. மாங்குளத்தில ஏறி கிளிநொச்சியில இறங்கிற நேர் றோட்டில ஒயில் அந்தச் சூட்டைக் காணவே காணாது. பழைய ஒயிலெண்டாலும் இஞ்சை பிரேக் பிடிக்கிற மாதிரித்தான் இருக்கும். நீ நுவரெலியாவில இருந்து றம்பொடைப் பக்கமா காலை எடுக்காமல் மிதிச்சுக்கொண்டு இறங்கேக்கதான் ஒயில் கொதிச்சு ஆவி வரும். ஆவி பஞ்சு மாதிரி அமுங்கும், பெடல் அடிக்குப் போகும். பொல்லாத விசயம் என்னெண்டால், கார் நிண்டு ஆறினதும் பெடல் பழையபடி வந்திடும். கராஜில காட்டினால் "ஒண்டுமில்லை" எண்டு அனுப்பிவிடுவினம்.

எங்கட காருக்கு மூடியில டொட் 3 எண்டு கிடக்கு. டொட் 4 விட்டாலும் பிழையில்லை, ரெண்டும் கலக்கும். வெறும் டொட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிக்கோன். சீல் உடைக்காத 500 மில்லிலீற்றர் ரின் ரெண்டு காணும். எஞ்சின் ஒயில், பவர் ஸ்ரியரிங் ஒயில் ஒரு சொட்டும் கலக்கக்கூடாது. உள்ள இருக்கிற றப்பர் எல்லாம் ஊதிப்போகும்.

மருமகனைப் பெடலுக்கு இருத்து, ஸ்பனரை நீ பிடி. முதல் நாள் இரவே நாலு சில்லிலயும் பழைய ஒயிலை வெளிய விடுற நிப்பிளுகளை பிறஸ் போட்டுத் துடைச்சு, துரு இளக்கிற ஒயில் அடிச்சு விடு. இஞ்சத்தைக் கிறவல் தூசி அதுக்குள்ள இறுகிக் கிடக்கும். றிங் ஸ்பனர்தான் பாவிக்க வேணும், 8 அல்லது 10. வாய் திறந்த ஸ்பனர் மூலையை உருட்டிப்போடும். இளகாட்டி மல்லுக்கட்டாதை, நிப்பிள் முறிஞ்சால் சிலவு பெரிசு. ஜக்கில மட்டும் நிக்கிற காருக்குக் கீழ கை வைக்காதை, ஸ்ராண்ட் குடு.

டப்பாவில இருக்கிற கறுத்த ஒயிலைப் பெரிய சிறிஞ்சால உறிஞ்சி எடுத்திட்டுப் புதுசை விடு. மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் எண்டபடியால் ஆகத் தூரமான பின் இடது சில்லில தொடங்கு, பிறகு பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில தெளிவான ரியூப்பைச் செருகி மற்ற நுனியைக் கொஞ்சம் புது ஒயில் விட்ட போத்தலுக்குள்ள தாழ்த்து. அவர் மிதிச்சுப் பிடிக்க, நீ நிப்பிளைக் கால்வாசிச் சுத்து இளக்கு, ஒயில் வந்ததும் இறுக்கு, பிறகுதான் அவர் காலை எடுக்க வேணும். இந்த ஒழுங்கு மாறினால் காத்து உள்ள போகும். ஒரு சில்லுக்குப் பத்துப் பதினைஞ்சு தரம், பிளேன்ரீ நிறம் போய்த் தெளிவாய் வருமட்டும். அஞ்சு மிதிக்கு ஒருக்கா டப்பாவைப் பார். அது வத்தினால் முழு வேலையும் திரும்ப முதலில இருந்து.

பெடலுக்குக் கீழ ஒரு மரக்கட்டை வை. பழைய மாஸ்டர் சிலிண்டரில, உள்ள இருக்கிற கப் எண்ட றப்பர் சீல் வழமையா போகாத அடிப்பக்கம் துரு பிடிச்சிருக்கும். பெடலை அடிமட்டும் மிதிச்சால் கப் அதில உரசிக் கிழியும். ஒயில் மாத்தினதால பிரேக் பழுதாப்போச்சு எண்டு ஆக்கள் சொல்லிறது அனேகமா இதைத்தான்.

சிந்தினதைத் துடைக்காதை, தண்ணி ஊத்திக் கழுவு. முடிஞ்சதும் எஞ்சினை ஸ்ராட் பண்ணி அரை நிமிசம் பெடலை அழுத்திப் பிடி. மெல்ல மெல்லத் தாழ்ந்தால் எங்கையோ கசியுது, இல்லாட்டி மாஸ்டர் கப் விடுது, காரை எடுக்காதை. பஞ்சு மாதிரி அமுங்கினால் இன்னும் காத்து இருக்கு, திரும்ப ஒரு சுத்து எடு.

மிச்ச ஒயிலை அடுத்த முறைக்கெண்டு வைக்காதை. திறந்த ரின் அலுமாரிக்குள்ளயே ஈரத்தை இழுக்கும். கழிச்ச ஒயிலைக் கிணத்தடியில ஊத்தாமல் கராஜில குடு. டப்பாவில ஒரு துண்டு ரேப் ஒட்டி, மாத்தின திகதியையும் கிலோமீற்றரையும் எழுதிவிடு. பொங்கலுக்கு வரேக்க நான் பாக்கிறன்.

அப்பா