கயல், அந்த 4,000 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டேன்

கயல் பாப்பா,

நேற்று நீ ஜிபேயில் போட்ட 4,000 ரூபாயை இன்று காலையிலேயே உனக்குத் திருப்பிப் போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. தண்ணி மோட்டாரில் காயில் எரிந்ததை அம்மா உன்னிடம் சொல்லியிருக்கவே கூடாது. காயில் கட்டுகிறவர் நமக்குத் தெரிந்தவர்தான், மரவள்ளி பிடுங்கியதும் தருகிறேன் என்றேன், சரி என்றுவிட்டார். அது என் பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன். உன் உதவித்தொகையை வாங்கி மோட்டாருக்குக் கொடுத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அந்தப் பணம் எப்படி வந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். 2023 அக்டோபர் 7, சனிக்கிழமை. முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வை முதல்முதலாக நடத்திய வருஷம், நீ பதினொன்றாவது. காலையில் கணக்கு 60 கேள்வி, மத்தியானம் அறிவியலும் சமூக அறிவியலும் சேர்த்து 60. நடுவில் இரண்டு மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். எலுமிச்சம்பழச் சாதத்தைத் திறந்து வைத்துவிட்டு ஒரு வாய்கூட எடுக்காமல் டப்பா மூடியில் விரலால் முக்கோணம் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய், "விடைத்தாள்ல ஒரு வட்டத்தைத் தப்பாக் கருப்பாக்கிட்டேம்ப்பா" என்றாய். எனக்கு அந்தக் கணக்கும் தெரியாது, என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. தண்ணி பாட்டிலை நீட்டினேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர், அதில் ஆயிரம் பேருக்குத்தான், பெண்பிள்ளைகள் 500. வருஷத்துக்கு 10,000 ரூபாய், டிகிரி முடிக்கிற வரைக்கும். சென்னை ஹாஸ்டல் செலவுக்கு முன்னால் அது சின்னத் தொகைதான், புதுமைப்பெண் திட்டத்தில் மாசாமாசம் வருகிற ஆயிரத்தைச் சேர்த்தாலும் பெரிதில்லை. ஆனால் பதினாறு வயசில் நீயே சம்பாதித்தது பாப்பா. அதற்கு நான் கணக்குக் கேட்க மாட்டேன், வாங்கவும் மாட்டேன்.

போன வாரம் ரேஷன் கார்டைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கிளறினபோது பழைய தினசரிக் காலண்டர் தாள் ஒரு கட்டு கிடைத்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் அந்த விடைத்தாள் மாதிரியே நாலு நாலாக வட்டம், வரிசைக்கு ஒன்றைக் கருப்புப் பேனாவால் நிரப்பியிருக்கிறாய், கோடு தாண்டாமல். முதல் தாளில் மை பிசிறியிருக்கிறது, கடைசித் தாள்களில் பொட்டு வைத்த மாதிரி இருக்கிறது. அம்மா அதை ஒன்றுகூடத் தூக்கிப் போடாமல் நூலால் கட்டி வைத்திருக்கிறாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இத்தனை நாள் சொன்னதில்லை. நீ ஒன்பதாவது படிக்கும்போது கிராமத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருகிற டிரஸ்ட் தேர்வு எழுத முடியாமல் போனதற்குக் காரணம் நான்தான். வருமானச் சான்று கேட்டாய், நடவு முடியட்டும், நாளைக்குப் போகலாம் என்று தள்ளித் தள்ளி, நான் இ-சேவை மையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துச் சான்று கைக்கு வருவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்தான், பன்னிரண்டாவது வரைக்கும். பணம் போனதுகூட இல்லை, நீ அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை மூடி வைத்தாயே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது தம்பி ஒன்பதாவது. வருமானச் சான்றைப் பள்ளிக்கூடம் திறந்த மாசமே வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டேன், விண்ணப்பம் வந்ததும் கொடுக்கவேண்டியதுதான். எட்டாவதில் எழுதிய மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு, அந்த என்எம்எம்எஸ், கிடைக்காததில் அவனுக்கு மனசு விட்டுப்போயிருக்கிறது. உனக்கும் அது கிடைக்கவில்லை என்று நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான், நீயே சொல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரைமணி நேரம் அவனுக்குப் போன் போட்டுக் கணக்குச் சொல்லிக்கொடு. உனக்குப் பரீட்சை இருந்தால் வேண்டாம்.

அப்புறம் அந்த 4,000 ரூபாயில் முதலில் கண்ணாடியை மாற்று. போர்டில் எழுதுவது மங்கலாகத் தெரிகிறது என்று பொங்கலுக்கு வந்தபோதே சொன்னாய். மாற்றியதும் போட்டோ அனுப்பு, அம்மா பார்க்கவேண்டும் என்கிறாள்.

அப்பா