பெற்றோர் குழு: சனிக்கிழமை கூட்டம்

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு நம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் கொஞ்சம் முன்னாடியே கிளம்பிவிடுங்கள், அன்று முகூர்த்த நாள், கூட்டமாக இருக்கும்.

1. வகுப்பு 1 முதல் 5 வரை: எண்ணும் எழுத்தும் பயிற்சி நூலைக் கொண்டு வாருங்கள், பிள்ளைகளே வாசித்துக் காட்டுவார்கள்.

2. 6, 7: கொட்டான் (பனை ஓலைக் கூடை) பின்னும் வகுப்பு தொடங்குகிறது. புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்க் கைவேலை, ஆச்சிமார் யாருக்காவது பின்னத் தெரிந்தால் அவசியம் அழைத்து வாருங்கள், ஓலை பள்ளியே தரும்.

3. 8: இதுதான் முக்கியம். தேசியத் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வில் தேர்வாகும் பிள்ளைக்கு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய், அதாவது நான்கு வருடத்தில் 48,000 ரூபாய் கிடைக்கும். ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள், கடைசி நேரத்தில் சர்வர் படுத்துவிடும். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கும் வேண்டும், ஆதார் இணைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

4. 9, 10: மாலைச் சிறப்பு வகுப்பு நேரம் அங்கேயே முடிவாகும்.

வருகிறீர்களா என்று பிள்ளை பெயர், வகுப்போடு வியாழன் இரவுக்குள் பதில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது. காலை வணக்கப் படங்கள் அதுவரை வேண்டாமே, சரியா?