மதிப்பீட்டுக் குழுவினருக்கு: மேற்கோளை எண்ணினால் போதாது, திறந்து பாருங்கள்

ஆய்வாளர்களின் பதவி உயர்வையும் ஆய்வு நிதியையும் முடிவுசெய்யும் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பதினைந்து வருடமாக நோய் எதிர்ப்பியலில் வேலை செய்கிறேன். போன முறை நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?" என்பதுதான். ஒருவரின் கட்டுரைகளை மற்ற ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை முறை ஆதாரமாகக் குறிப்பிடுகின்றன, அதாவது மேற்கோள் காட்டுகின்றன, என்பதை வைத்துப் போடும் எண் அது. எந்தத் தளத்துக் கணக்கைச் சொல்லட்டும் என்று திருப்பிக் கேட்டேன், யாரிடமும் பதில் இல்லை. கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் இதழுக்குப் போகாத முன்வரைவுகளையும் சேர்த்து எண்ணும். வெப் ஆஃப் சயின்ஸ் பெரும்பாலும் தான் தேர்ந்தெடுத்த இதழ்களையே பார்க்கும். ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு எண்கள்.

அந்தக் குறியீட்டை 2005-இல் முன்வைத்த ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது இருபது முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் 20. அதில் ஒன்று ஐயாயிரம் மேற்கோள் வாங்கியிருந்தாலும் எண் மாறாது. வருடம் போகப் போக அது ஏறும், இல்லையென்றால் நிற்கும், குறையவே குறையாது. குழந்தை பிறந்து இரண்டு வருடம் ஆய்வகத்தை விட்டு விலகியிருந்தவரையும் முப்பது வருடம் ஓயாமல் எழுதியவரையும் அதை வைத்து ஒப்பிடுவது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது.

சரி, மேற்கோள் என்பதே என்ன என்று பார்ப்போம். போன மாதம் ஒரு நாள் உட்கார்ந்து, எங்கள் கட்டுரை ஒன்றை மேற்கோள் காட்டியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். ஒன்றில், முன்னுரையின் இரண்டாவது வரியில், ஒன்பது மேற்கோள் எண்களுக்கு நடுவே எங்கள் கட்டுரையின் எண்ணும் இருந்தது, ஆனால் அந்த வரி சொன்னதோ நாங்கள் கண்டதற்கு நேர் எதிர். இன்னொரு கட்டுரையில், நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணுக்களான டி செல்களைப் பிரித்தறிய நாங்கள் மாதக்கணக்கில் சரிபார்த்த ஆன்டிபாடி (குறிப்பிட்ட இலக்கைப் பற்றிக்கொள்ளும் புரதம்) கலவையை அப்படியே எடுத்து, நோயாளிகளின் ரத்த மாதிரிகளில் பயன்படுத்தி, செய்முறைப் பகுதியில் எங்களுக்கு ஒரே ஒரு வரி கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய முக்கியமான மூன்று படங்களும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கின்றன. உங்கள் கணக்கில் அதுவும் ஒன்று, இதுவும் ஒன்று. அப்புறம், முதலில் கண்டுபிடித்தவரை விட்டுவிட்டு அதைத் தொகுத்துச் சொன்ன ரிவியூ கட்டுரையை மேற்கோள் காட்டும் பழக்கம் எங்கள் துறையில் நிறையவே உண்டு.

இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பார்ப்போமே என்கிறீர்களா? அது முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகளுக்கு அந்த இதழ் ஒரு வருடத்தில் வாங்கிய மேற்கோள்களின் சராசரி. 1956-இல் புரூஸ் கிளிக்கும் டிமோதி சாங்கும் கூட்டாளியோடு சேர்ந்து, குஞ்சுப் பருவத்தில் ஃபாப்ரீசியஸ் பை என்ற உறுப்பை நீக்கிவிட்டால் கோழியால் ஒழுங்காக ஆன்டிபாடி உண்டாக்க முடியாது என்று காட்டினார்கள். 'சயின்ஸ்' இதழ் அதை ஏற்கவில்லை. 'பவுல்ட்ரி சயின்ஸ்' என்ற கோழி வளர்ப்பு ஆய்விதழில் வந்தது. எதிர்ப்பியலாளர்கள் திரும்பிப் பார்க்கவே சில வருடம் ஆனது. ஆன்டிபாடி உண்டாக்கும் அணுவை இன்று எல்லாரும் பி செல் என்கிறோமே, அதில் உள்ள 'பி' அந்தப் பையின் ஆங்கிலப் பெயரான 'பர்சா'விலிருந்து வந்த எழுத்து. அந்த இளம் ஆய்வாளர்கள் 1958-இல் உங்கள் முன் உட்கார்ந்திருந்தால் என்ன மதிப்பெண் போட்டிருப்பீர்கள்?

எண்களைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஒரே துறை, ஒரே வருடம் என்று வைத்து ஒப்பிட்டால் அவை ஏதோ சொல்லும். ஆனால் தனிமனிதரை எடைபோட இதழின் சராசரியைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஆய்வை மதிப்பிடுவது பற்றிய சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012-லேயே சொல்லிவிட்டது, ஆயிரக்கணக்கானோர் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்.

விண்ணப்பதாரரிடம் ஐந்து கட்டுரைகள் மட்டும் கேளுங்கள். ஒவ்வொன்றையும் யார், எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். குழுவில் ஒருவராவது அவற்றை முழுதாகப் படித்துவிட்டு வரட்டும். அடுத்த சுற்றுக்கு என் கோப்பில் அந்த ஐந்தையும் நானே வைத்து அனுப்புகிறேன். நேரம் குறைவு என்றால் முதல் கட்டுரையின் மூன்றாவது படத்திலிருந்து தொடங்குங்கள்.