சீனி இறங்கிய பிள்ளைக்குச் சீனி கொடுக்கத் தயங்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

பாடத்துக்குப் பாடம் மலசலகூடம் போகக் கேட்டு, தண்ணீர்ப் போத்தலையும் ஓயாமல் நிரப்பும் பிள்ளையை வகுப்பில் குழப்படிக்காரராகவே பார்க்கிறார்கள். கேட்டால் கொழும்பு வெயில் என்பார்கள். வெயிலில் வியர்த்தால் சிறுநீர் குறைய வேண்டுமே! தாகமும் சிறுநீரும் சேர்ந்தே கூடி, நன்றாகச் சாப்பிட்டும் சீருடை தொளதொளத்தால் உடலில் இன்சுலின் சுரக்காமல் போகும் முதலாம் வகை நீரிழிவைச் சந்தேகித்து, அன்றைக்கே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்.

பெற்றோரோ நாளைக் காலை வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். சாப்பிட்டிருந்தாலும் விரலில் குத்தி இரத்தச் சீனியைப் பார்க்கலாம். இந்த அறிகுறிகளோடு டெசிலீற்றருக்கு 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ காட்டினால் உடனே வைத்தியசாலை. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேக மூச்சு, மூச்சில் பழ வாசனை என்று வந்துவிட்டால் பரிசோதனைக்கும் காத்திராமல் பொரளை ரிட்ஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ கொண்டுபோங்கள். வயிற்றுக் கோளாறு என்று ஜீவனி உப்புக் கரைசலைக் கரைத்துக் கொடுத்து வீட்டில் வைத்திருப்பதால்தான் பிள்ளை மோசமாகிறது.

ஏற்கெனவே இன்சுலின் போடும் பிள்ளைக்குப் பாடசாலையில் பெரிய ஆபத்து, இரத்தத்தில் சீனி இறங்குவது. இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடக்கும் நாட்களிலும் இடைவேளைச் சாப்பாடு பிந்தும்போதும் இதை எதிர்பார்க்கலாம். கை நடுங்கும், குளிர்ந்து வியர்க்கும், முகம் வெளிறும். சிலர் காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார்கள். அளவு 70க்குக் கீழே இருந்தால் மூன்று நிறைந்த தேக்கரண்டி சீனியை, அதாவது ஏறத்தாழ 15 கிராமை, அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். சீனி பார்க்கும் மீற்றர் இல்லையென்றால் அறிகுறியே போதும். 15 நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறாவிட்டால் திரும்பவும் கொடுங்கள். பாணும் பிஸ்கட்டும் சீனி ஏறிய பிறகுதான். சொக்லேட்டில் உள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதமாக்கும். டயட் சோடாவில் சீனியே கிடையாது.

‘சீனி வருத்தக்காரப் பிள்ளைக்குச் சீனியா?’ என்று தயங்குபவர்களை நினைத்தால்தான் பயம். ஏற்கெனவே சீனி கூடியிருந்தாலும் இந்த 15 கிராமால் பெரிய கெடுதல் வராது. இறங்கியிருக்கும்போது தாமதித்தால் வலிப்பு வரலாம். பிள்ளையைத் தனியாக நோயாளர் அறைக்கு அனுப்பவும் வேண்டாம், படியில் விழுந்துவிடும். மயங்கினால் வாயில் எதையும் ஊற்றாமல் பக்கவாட்டில் படுக்க வைத்து 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

அதிபர்கள் இந்தத் தவணையிலேயே அப்படியான பிள்ளைகளின் வகுப்பு மேசை லாச்சியில் குளுக்கோஸ் பைக்கற்றும் தேக்கரண்டியும் பெற்றோரின் தொலைபேசி இலக்கமும் வைக்கச் செய்ய வேண்டும். பதில் ஆசிரியருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

சிறுவர் பிரிவுத் தாதிய உத்தியோகத்தர்கள்,
வெள்ளவத்தை.