தாத்தாவின் காது

அன்புள்ள பாப்பா,

நிமோனியா வந்து மெல்பர்னில் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்துவிட்டு, வீடு திரும்பிய பிறகு போனில் சொல்கிறாய், "நீங்க பயப்படுவீங்கன்னுதான் சொல்லலம்மா" என்று. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. உன் மேல் கோபம் இல்லை கண்ணு, இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தாத்தாவுக்குக் காது மந்தம், நீ சின்னப் பிள்ளையாக மடியில் ஏறிக் கத்திக் கத்திப் பேசுவாயே, அது வயசானதால் வந்ததில்லை. 1958இல், எனக்கு எட்டு வயது, அவருக்குச் சயரோகம், அதாவது டிபி, வந்தது. சிங்கப்பூர் நேவல் பேஸில் வேலை, அங்கேயே செம்பவாங் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். இருமலில் ரத்தம் பட்ட கைக்குட்டையை என் அம்மா அடுப்பில் போட்டு எரித்ததைக் கதவோரம் நின்று பார்த்தேன். டான் டொக் செங் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நல்லவேளை, அதற்குள் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வந்திருந்தது, அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் என்றால் ஓய்வும் நல்ல சாப்பாடும் தவிர அந்த நோய்க்கு மருந்தென்று எதுவும் இல்லை. ஊசி, ஐசோனியாசிட் மாத்திரை, வயிற்றைப் புரட்டும் இன்னொரு மருந்து என்று ஒன்றரை வருஷம். அந்த ஊசிதான் உயிரைக் காப்பாற்றியது, காதைக் கெடுத்ததும் அதுதான்.

இதையெல்லாம் நான் பெரியவளான பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போது யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் "ஊருக்குப் போயிருக்கார்" என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்குத் தனித் தட்டு, தனிப் பாய், அடியில் ஆணியால் கோடு கீறிய அலுமினிய டம்ளர். ஓடிப்போய்க் காலைக் கட்டினால் "கிட்ட வராதே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்பாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு குளியலறையில் அழுவேன். எட்டு வயசுப் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்?

நாகப்பட்டினம் பக்கத்தில் இருந்த, என் அப்பாவைப் பெற்ற அப்பாயிக்கு அம்மா மாசாமாசம் "இங்கு அனைவரும் நலம்" என்றே எழுதிக்கொண்டிருந்தாள். ரஜூலா கப்பலில் ஊருக்குப் போன யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அப்பாயிக்கு எழுதத் தெரியாது, யாரையோ பிடித்து எழுதி அனுப்பியிருந்தார்கள்: "என் பிள்ளை இருக்கிறானா இல்லையா, அதை மட்டும் எழுது." அம்மா அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், சோறு அடிப்பிடித்தது.

போன வாரம் நீ போனை வைத்ததும் எனக்கு அப்பாயி ஞாபகம்தான் வந்தது.

சரி, இப்போது சொல். இருமல் நின்றதா? ராத்திரியில் மூச்சு வாங்குகிறதா? மறுபடியும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்களா, எந்தத் தேதி? டாக்டர் சொன்னதைச் சொன்னபடியே எழுது, எனக்காக எதையும் குறைக்காதே. உன் அப்பா பாஸ்போர்ட்டை எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறார்.

அம்மா